கடைசி நாலு நம்பர்

அத்தியாயம் பதினாலு

புருஷன் குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும், ஜீரோ அக்கா அவருடைய டூல் பையை மறுபடியும் திறந்தாள்.

அடுத்தவர் பையை நோண்டுவது தப்பு என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் நாலாக மடித்து என்ன செருகி வைத்திருந்தது என்பதைத்தான் போன வாரம் பார்த்தோமே! இந்த வாரம்தான் முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன். அது ஒரு கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். கார்டு புருஷன் பெயரில் இருந்தது. அப்படி ஒரு கார்டு இருப்பதே பெண்டாட்டிக்குத் தெரியாது.

அதுவும் எந்தப் பெண்டாட்டிக்கு? கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இவளுக்கு ‘ஜீரோ அக்கா’ என்று பெயர் வந்ததே கார்டால்தான். வட்டி ஓடுகிற கார்டில் பாக்கி நின்றால், பதினெட்டு மாதம் ஜீரோ வட்டியில் கிடைக்கும் புதுக் கார்டுக்கு அதை மாற்றிவிடுவாள். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். மாற்றுவதற்கான கட்டணம் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டினால் கெடுவுக்கு முன்னால் தீரும் என்று நோட்டில் எழுதிவிட்டு, பழைய கார்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுவாள். ‘வட்டின்னு ஒரு பைசா குடுத்ததில்ல’ என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு பெருமை.

அந்த வீட்டில் இப்படி ஒரு காகிதம்!

திங்கட்கிழமை வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் ‘எங்களுக்கு வேறு கடன் எதுவும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினோரு வருஷமாக வாடகைக்கு இருக்கும் இதே வீட்டை, இந்த மாத முடிவுக்குள் பணம் வந்தால் இவர்களுக்கே தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் வேறு ஆளுக்கு. இன்றைக்கு நாலு மணிக்கு வங்கியில் கடைசிச் சந்திப்பு. அந்த வரி பொய்யென்று தெரிந்தால் கடனும் போச்சு, வீடும் போச்சு.

ஸ்டேட்மென்டை ஆறாவது முறையாகப் படித்தாள். பத்து மாதத்துக்கு முன்னால் வேறொரு கார்டிலிருந்து இதற்கு மாற்றிய பாக்கி, கட்டணத்தோடு ஐயாயிரம் சொச்சம். மாதம் இருநூற்று எண்பது வீதம் கட்டியது போக மீதி இரண்டாயிரத்து இருநூறு சொச்சம். ஒரு நாள்கூடத் தவணை தவறவில்லை. இந்தக் கார்டில் புதிதாக ஒரு சாமான்கூட வாங்கவில்லை. மனிதர் அப்படியே அவள் பாணியில் நடத்தியிருந்தார், அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

யாருடைய கார்டிலிருந்து மாற்றினார்? காகிதத்தில் பெயர் இல்லை. அந்தக் கார்டின் கடைசி நாலு நம்பர் மட்டும் இருந்தது. 7316.

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. அவள் பையை மூடிவிட்டு அடுப்பருகே போய் நின்றாள்.

“நாலு மணி, ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“இருக்கு, இருக்கு. வேலை முடிச்சு நேரா பேங்குக்கே வந்துடறேன்.”

“அதுக்கு முன்னாடி என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன், நம் லிஃப்ட்காரர், காபி டம்ளருக்குள் எதையோ தேடுகிறவர் போலப் பார்த்தார். பதினாலு மாடிக்கு மேல் கம்பியில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர், பெண்டாட்டி கண்ணைப் பார்க்க முடியாமல் திணறினார்.

“என்ன சொல்லணும்? ஒண்ணுமில்லையே.”

ஒண்ணுமில்லையாம்! ஜீரோ அக்கா டிபன் டப்பாவை டொக்கென்று மேஜையில் வைத்தாள்.

* * *

அவள் சந்தேகம் முதலில் போய் நின்ற இடம் நாத்தனார். போகாமல் இருக்குமா? அழகு நிலையம் ஆரம்பித்தபோது அண்ணனிடம்தான் கை நீட்டினாள் அந்தப் பெண்.

நாத்தனார் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, காலங்காத்தால? முடி வெட்டணுமா?”

“உன் கார்டையெல்லாம் எடு.”

“எந்தக் கார்டு?”

“கிரெடிட் கார்டு. எத்தனை வச்சிருக்கியோ அத்தனையும்.”

நாத்தனார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, கண்ணாடி முன்னால் மூன்று கார்டுகளை வரிசையாகப் போட்டாள். ஜீரோ அக்கா குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். மூன்றிலும் 7316 இல்லை.

“பாத்தாச்சா? இப்ப நான் கேக்கலாமா?” நாத்தனாரின் குரல் சூடாக இருந்தது. “அண்ணன் குடுத்த காசை எப்பவோ திருப்பிக் குடுத்துட்டேன். உங்க வீட்டுக்காரர் ஒத்த பைசா விடாம எண்ணி வாங்கிக்கிட்டாரு. என்னை என்னன்னு நெனச்சீங்க?”

“கோவிச்சுக்காதம்மா. அவர் யாருக்கோ ஐயாயிரம் கட்டிட்டிருக்கார். எனக்குத் தலை வெடிக்குது.”

நாத்தனார் கோபத்தை அரைகுறையாக விழுங்கினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “போன வருஷம் இங்க வந்தான். வட்டியில்லாத கார்டு எப்படி வாங்கறது, பாக்கியை எப்படி மாத்தறதுன்னு கேட்டான். ‘வீட்லயே ஆளை வச்சுக்கிட்டு இங்க வந்து கேக்கறியே, அண்ணியைக் கேளேன்’னு சிரிச்சேன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“‘அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது’ன்னான்.”

ஜீரோ அக்கா கண்ணாடி முன்னால் கிடந்த கார்டுகளைப் பொறுக்கி நாத்தனார் கையில் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றால் அது யாராக இருக்கும்? நீங்களும் நானும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள். அந்த ‘யாரோ’வுக்கு ஒரு முகமும் வைத்து, நல்ல சேலையும் கட்டிவிட்டாள் மனசுக்குள்ளேயே.

* * *

கடையில் அன்றைக்கு இரண்டு லென்ஸ் பாழானது. தேய்க்கும் மெஷினில் வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால் பாழாகாமல் என்ன செய்யும்? முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்ததோடு விட்டார்.

மதியம் சாப்பாட்டு வேளையில், பில் போடும் பெண் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். அக்காவின் யோசனைப்படிதான் அவளும் தன் பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாற்றியிருந்தாள்.

“அக்கா, புதுக் கார்டு வந்துடுச்சு. ஷூ ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். இதுல வாங்கிக்கலாமா?”

“வாங்கினே, தோலை உரிச்சிடுவேன்!” கவலையிலும் அக்காவின் வாய் தானாகவே ஓடியது. “மாத்தின பாக்கிக்குத்தான்டி வட்டி இல்ல. புதுசா வாங்கறதுக்கு முதல் நாள்லேர்ந்து வட்டி போடுவான். பதினெட்டு மாசம்னு போட்டிருக்கா? பதினேழால வகுத்துக் கட்டு. ஒரு மாசம் கைவசம் இருக்கட்டும். ஒரு தவணை தப்பினாலும் சலுகையைப் பிடுங்கிடுவான், நெனவிருக்கட்டும்.”

“சரிக்கா, சரிக்கா. பழசை வெட்டிட்டேன்.”

“சமத்து.”

“போன் பண்ணி கணக்கையும் மூடிட்டேன்.”

ஜீரோ அக்கா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தாள். “மூடறதுன்னா? வெட்டினா முடிஞ்சுதில்ல?”

“வெட்டினா பிளாஸ்டிக்தானேக்கா போகுது. கணக்கு அப்படியே இருக்குமாம். நாமளா சொல்லி மூடணுமாம். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்த மகராசி, ஏழு கார்டை வெட்டியிருக்கிறாள், ஒன்றையும் மூடியதில்லை.

கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் பையிலிருந்து அந்த நீல அட்டை நோட்டை எடுத்தாள். இப்போது ஓடுகிற கார்டுகளின் பக்கத்தைக் காலையிலேயே பார்த்திருந்தாள். அடித்துப்போட்ட பழைய பக்கங்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முடிந்துபோனதை யார் பார்ப்பார்கள்?

மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. 7316. குறுக்கே சிவப்பு மையில் ‘வெட்டியாச்சு’.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டிய கார்டு. அவளுடைய கார்டு.

ஆனால் அவள் அதில் வாங்கவில்லையே. அப்படியானால் அந்த ஐயாயிரத்தை யார் செலவு செய்தது? முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

* * *

கடைத்தெரு முனையிலிருந்த வணிக வளாகத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் ‘பழுதுபார்க்கப்படுகிறது’ என்ற மஞ்சள் பலகை. உள்ளே லிஃப்ட் பெட்டியைக் காணோம். அது ஒரு மாடி மேலே நின்றது. கீழே ஆளுயரப் பள்ளத்தில் விளக்கைக் கட்டிக்கொண்டு லிஃப்ட்காரர் ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க.”

“நீ எங்க இங்க? மணி ரெண்டுதானே ஆகுது?”

“7316 என்னோட கார்டு.”

கிரீஸ் துணி அவர் கையிலேயே நின்றது.

“அதுல நான் ஒண்ணும் வாங்கல. நீங்க வாங்கினீங்களா?”

“இல்ல.”

“அப்ப எவ வாங்கினா?”

“எவளும் இல்லம்மா. கொஞ்சம் மெதுவாப் பேசு, ஆளுங்க போறாங்க.”

“போகட்டும். கேக்கட்டும். மேல ஏறி வாங்க.”

அவர் இரும்பு ஏணியில் ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்க இனி ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தார்.

“உன் தம்பி,” என்றார்.

ஜீரோ அக்கா சிரித்துவிட்டாள். அவ்வளவு அபத்தமாக இருந்தது அது. “காதுல பூ சுத்தாதீங்க. அவன் எதுக்கு...”

பாதியில் நின்றது பேச்சு. அந்தக் கார்டோடு சேர்த்து இன்னொரு கார்டும் வந்தது. கூடுதல் கார்டு, குடும்பத்தில் ஒருத்தருக்குக் கொடுக்கலாம் என்று. தம்பி வேலை தேடி வெளியூர் கிளம்பிய சமயம். ‘அவசரத்துக்கு மட்டும்டா’ என்று அவன் சட்டைப் பையில் செருகியது அவளேதான். அவனும் ‘பேப்பர் ஸ்டேட்மென்ட் எதுக்குக்கா’ என்று, ஸ்டேட்மென்ட் வருவதற்கு அவள் பெயரில் ஒரு இமெயில் முகவரி போட்டுக் கொடுத்தான். அதை அவள் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. பரீட்சைக்கு உட்கார்த்தி வைத்து, காய்ச்சலுக்குக் கஞ்சி ஊட்டி வளர்த்த பிள்ளை. அவனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பாய்ந்துவிடுவாள், புருஷனே ஆனாலும்.

“பாக்கி கட்டலன்னு பேங்க்லேர்ந்து உன் பேர்ல ஒரு லெட்டர் வந்துச்சு,” என்றார் லிஃப்ட்காரர். “நீ கடையில இருந்தே. பிரிச்சுப் பாத்தேன். அவனுக்குப் போன் பண்ணேன். அழுதான். ‘அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா, செத்துடுவேன்’னான். வட்டி ஏறிக்கிட்டே இருந்துச்சு. பொண்டாட்டி பேர்ல இருக்கற பாக்கியை மாத்திக்கலாம்னு புதுக் கார்டுக்காரன் சொன்னான், மாத்திட்டேன்.”

“பத்து மாசமா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு...”

“உன் மூஞ்சியைப் பாத்துதான் வாய் வரல. திங்கக்கிழமை அந்த ஃபார்மை நீட்டினப்போ சொல்லிடணும்னுதான் நெனச்சேன். சொன்னா உன் தம்பியைப் பத்தியும் சொல்லணும்.”

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. காலையிலிருந்து ஒரு சேலைக்காரியைக் கற்பனை செய்து திட்டித் தீர்த்ததை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. அத்தனைக்கும் நடுவில் சந்தேகம் மட்டும் போகவில்லை. ஆள்தான் மாறியிருந்தான்.

“அவன்கிட்ட இருந்த கார்டு என்னாச்சு?”

“வெட்டிப் போட்டுட்டான். கணக்கையும் மூடச் சொல்லி அவன்கிட்டயே சொன்னேன். போட்டோ அனுப்பினானே, பாரு.”

போனில் ஒரு படம். இரண்டு துண்டாக வெட்டிய கார்டு, ஒரு மேஜை மேல். ஜீரோ அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நாள் முழுக்கச் சன்னக் கோடுகளைப் பார்த்துப் பழகிய கண் அது.

“இது நீலம். என்னோடது பச்சை.”

“கலரை மாத்தியிருப்பாங்க.”

“ஓரத்துல பாருங்க. ‘உறுப்பினர்’னு இருக்கு. இது ஏதோ ஜிம் கார்டுங்க!”

லிஃப்ட்காரர் போனை வாங்கிப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிவைத்துப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. அவள் தம்பிக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மூன்று வாரமாகவே அப்படித்தான். வேலை ஜாஸ்தி போல என்று நினைத்திருந்தாள்.

* * *

வங்கி அதிகாரி சின்ன வயதுப் பெண். அந்தப் பழைய பச்சைக் கார்டும் இதே வங்கியுடையதுதான்.

“எல்லாம் சரியா இருக்கு மேடம். ஒரே ஒரு விஷயம்தான் புரியல.” கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். “சார் பேர்ல ஒரு கார்டுல ரெண்டாயிரத்து இருநூறு பாக்கி. உங்க பேர்ல எங்க கார்டுலயே நாலாயிரத்து முந்நூறு பாக்கி. ஃபார்ம்ல கடன் இல்லன்னு போட்டிருக்கீங்களே?”

“நாலாயிரத்து முந்நூறா?” லிஃப்ட்காரர் எழுந்தே விட்டார். “அதைத்தான் நான் மொத்தமா அடைச்சுட்டேனே!”

“அடைச்சதும் கார்டுல மறுபடியும் இடம் வந்துடுச்சு சார். அதுக்கப்புறம் வாங்கினது இதெல்லாம். கடைசியா முந்தாநாள்கூட வாங்கியிருக்கு.”

பத்து மாதமாக மாதம் இருநூற்று எண்பது. ஓவர்டைம் பார்த்து, டீயைக் குறைத்து, பஸ்ஸுக்குப் பதில் நடந்து கட்டிய காசு. அவர் அப்படிக் கட்டிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை மேலே மேலே கார்டைத் தேய்த்திருக்கிறான். இதை எழுதும்போது எனக்கே கை பரபரக்கிறது, அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். “மேடம், ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இதெல்லாம் கூடுதல் கார்டுல வாங்கினது. அந்தக் கார்டை நீங்க குடுத்தீங்களா? குடுத்திருந்தா இது உங்க கடன். புது ஃபார்ம் போட்டு முதல்லேர்ந்து பரிசீலனை பண்ணணும், இந்த மாசத்துக்குள்ள நடக்காது. குடுக்கலன்னு எழுதித் தந்தா, திருட்டுன்னு புகார் பதிவாகும். அந்தத் தொகையைத் தனியா எடுத்து வச்சுட்டு, சாரோட சின்ன பாக்கியை இதுலயே திருத்திட்டு, உங்க வீட்டுக்கடனை இன்னிக்கே மேல அனுப்பப் பார்க்கலாம்.”

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாள்.

ஒரு வரி போதும். ‘நான் கொடுக்கவில்லை.’ பதினோரு வருஷ வீடு அவளுடையதாகிவிடும். ஜன்னலோரத்துத் தையல் மெஷின், அவளே பெயின்ட் அடித்த சமையலறை, எல்லாம். தம்பியைத் தேடி போலீஸ் போகும். போகட்டுமே? செய்தவன் அவன்தானே?

புருஷனைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கமும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் சொல்லவில்லை. “உன் இஷ்டம்மா,” என்றார் மெதுவாக. அந்த மனிதர் மேல் காலையிலிருந்து பட்ட சந்தேகமெல்லாம் நெஞ்சில் வந்து குத்தியது.

“நான்தான் குடுத்தேன்,” என்றாள் ஜீரோ அக்கா. “என் கையால குடுத்தேன். கடன் என்னோடது. வாங்கினது என் தம்பி. கார்டை இப்பவே நிறுத்துங்க. கணக்கை மூடறதுக்கு என்ன எழுதணுமோ அதையும் குடுங்க.”

“வீட்டுக்கடன்...”

“தெரியும்மா. பொய்யெழுதி வாங்கற வீட்டுல எனக்குத் தூக்கம் வராது.”

அதிகாரி எதையோ தட்டினாள். “நிறுத்திட்டேன்,” என்றாள். பழைய விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். லிஃப்ட்காரர் மேஜைக்கடியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் நாற்றம் அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

புது ஃபார்மில் நாலு வரி எழுதியிருப்பாள். போன் அடித்தது. தம்பி!

எடுத்தாள். “டேய்...”

“அக்கா, நான்தான். என்னக்கா, அந்தக் கார்டு வேலை செய்யல? மூணு தடவ போட்டாச்சு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. பேங்க்ல ஏதாவது பண்ணியா?”

மூன்று வாரம் கழித்து வந்த முதல் பேச்சு. எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

“வேலை செய்யாதுடா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்.”

“என்னது? வெளையாடாதேக்கா...”

“பேங்க்லதான் உக்காந்திருக்கேன். எல்லாத்தையும் பாத்துட்டேன். மாமா பத்து மாசமா கட்டினதையும் பாத்துட்டேன்.”

அந்தப் பக்கம் பில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஜீரோ அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை வரும், ‘தப்புப் பண்ணிட்டேன்க்கா’ என்று ஒரே ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

வந்தது வேறு குரல். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுடையது. சின்ன வயசுக் குரல், கொஞ்சம் பயந்த குரல்.

“யாருங்க போன்ல? அக்கான்னு கூப்பிட்டீங்க? அம்மா, அப்பா, கூடப் பொறந்தவங்க யாருமே இல்லன்னு சொல்லித்தானே என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?”

போன் கட்டானது.